அம்மாவிடமிருந்து வந்தது

அம்மா மைசூரில் முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். தமிழ் வீட்டில், கன்னடம் வார்டில். அறுபத்தைந்து வயதுக்கு மேல் மறதி நோய் வந்தபோது முதலில் கன்னடம் போயிற்று. பால்காரர் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் தேவராஜ மார்க்கெட்டில் வழி தெரியாமல் நின்றவளை, பழக்கமான பூக்காரம்மா ஆட்டோவில் கூட்டி வந்து விட்டார்.

கடைசி இரண்டு வருஷமும் நான் அவளுக்கு வார்டு சிஸ்டர்.

"சிஸ்டர், என் மகளை வரச் சொல்லுங்க."

"நான்தாம்மா உன் மக."

"நீங்க இல்ல சிஸ்டர். அவ சின்னப் பொண்ணு."

திருத்தத் திருத்த மிரண்டு போவாள். ஒருநாள் அலுத்துப்போய், "சரி, வரச் சொல்றேன்" என்று வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா முகமெல்லாம் மலர, "வந்துட்டியா? எவ்வளவு நேரம்டீ" என்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். மறுநாளும் அதேபோல் போய் வந்தேன். "என்ன சிஸ்டர்?" என்றாள். அதன் பிறகு எத்தனை தடவை போய் வந்தும் அது நடக்கவில்லை.

அவள் இறந்து ஒரு வருஷம் கழித்துத் தம்பி சொன்னான்: "டெஸ்ட் பண்ணிக்கலாம்கா. சும்மா பயந்துட்டே இருக்கறதுக்கு, தெரிஞ்சுக்கலாம் இல்லையா?"

ரத்தம் கொடுத்தோம். ஒரு மரபணுவின் ஒரு வகை இருந்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடும் என்று டாக்டரம்மா விளக்கினார். தம்பிக்கு அது இல்லை. எனக்கு ஒரு பிரதி இருந்தது.

"இது வியாதி இல்லை. வராமலே போகலாம். இது இல்லாதவங்களுக்கும் வரும்" என்றார்.

"அம்மாகிட்டேருந்து வந்ததா?"

"இருக்கலாம். அப்பாகிட்டேருந்தும் வரலாம். இப்ப சொல்ல முடியாது."

அம்மாவிடமிருந்துதான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அவளுடைய எதுவோ என் உடம்பில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் பயமாக இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் பயம் வந்தது. இதைச் சொல்ல எனக்கு அம்மா வேண்டும். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்து, "இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தே?" என்று கேட்க வேண்டும்.

பக்கத்தில் நின்ற தம்பி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஸாரிக்கா" என்றான்.

"நீ என்னடா பண்ணே? விடு."

இப்போது தினமும் காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கிறேன். பிரஷர் மாத்திரையைத் தவறவிடுவதில்லை. மாதம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்த தம்பி தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறான்.

"நேத்து என்னக்கா சமைச்சே?"

எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். விளையாட்டுக்குக்கூட மறந்துவிட்டது என்று சொன்னதில்லை. அவரைக்காய்ப் பொரியல், ரசம், கொஞ்சம் அப்பளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவன் மெல்ல மூச்சு விடுவது போனில் கேட்கிறது.