உயிர்ப்புக் காட்சிக்கு ஒரு லேசர்

எங்கள் மாமாவுக்குக் ‘கல்லறை பீடி’ என்ற பட்டப்பெயர் விழுந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். மாமா பீடி குடிப்பவர் அல்ல. ஈஸ்டர் நாடகத்தில் இயேசு உயிர்த்தெழ வேண்டிய நேரத்தில் கல்லறைக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

ஆவூரிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே வருடா வருடம் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகளும் மரணமும் முதல் நாள். உயிர்ப்பு, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில். மூங்கில் கட்டி, அதன்மேல் காகிதம் ஒட்டி, பாறை போல வர்ணம் அடித்த கல்லறை. கல் விலகும்போது உள்ளே புஸ்வாணம் பொங்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் இயேசு எழுந்து வர வேண்டும். பற்றவைக்கும் பொறுப்பு அம்மாவின் தம்பியான மாமாவுக்கு. அந்த வருடம் திரி நமத்திருந்தது. மாமா ஊதுபத்தியை ஊதி ஊதித் திரியில் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த விளக்கை யாரோ முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். காகிதத்தில் மாமா யானை அளவுக்கு நிழலாக விழுந்தார். உள்ளே ஒருத்தன் பீடி பத்தவைக்கிறான் என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. இயேசு வேஷம் கட்டியவரே சிரித்துவிட்டார்.

மறு வருடம் தவக்காலம் தொடங்கியதும் நாடகக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். புஸ்வாணமே வேண்டாம், விளக்கை மட்டும் போடுவோம் என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். கதவோரம் நின்ற நான், உள்ளே ஆளே இல்லாமல் பற்றவைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். யாரும் கேட்காமலேயே, லேசரால் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா வீடியோக்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. நாடகத்துக்கு மைக், விளக்கு, வீடியோ மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கல்யாண வீடியோவை டிவிடியில் ஏற்றிக் கொடுத்த காலம் முடிந்து, எல்லோரும் பென் டிரைவ் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். உழைத்துத் தேய்ந்த டிவிடி ரைட்டர்கள் ஏழு, ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. அவற்றில் ஒவ்வொன்றுக்குள்ளும் டிஸ்க்கில் எழுதுவதற்கென்று ஒரு லேசர் டயோடு உண்டு. வெளிநாட்டுப் பையன் ஒருவன் அதைப் பிடுங்கி எடுத்து, எட்டி இருந்த தீக்குச்சியைப் பற்றவைத்ததை அப்பாவின் கம்ப்யூட்டரில் நான் பார்த்திருந்தேன். அவன் பேசிய இங்கிலீஷ் பாதி புரியவில்லை. தீக்குச்சி பற்றியது புரிந்தது.

ஒரு துண்டு கம்பிச்சுருளும் பேட்டரியும் இருந்தால் போதுமே, கம்பி சூடேறித் திரி பற்றிக்கொள்ளுமே என்று அப்பா சொன்னார். அவர் சொன்னது சரி. பத்து நிமிட வேலை. ஆனால் அவ்வளவு சுலபமாக முடிகிற வேலை எனக்கு வேலையாகவே படவில்லை. லேசர்தான் என்றேன். அப்பா அட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

முதல் ரைட்டரைத் திறக்க ஒரு மதியம் முழுவதும் ஆனது. உள்ளே ஒரு சிறு இரும்புச் சட்டம், அதில் கொத்தமல்லி விதை அளவுக்கு டயோடு, அதற்கு மூன்று கால்கள். இரண்டு பேட்டரியில் நேரே கொடுத்தேன். ஒரு நொடி சிவப்பாகச் சீறிவிட்டு, பழைய டார்ச் போல மங்கிப் போனது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதைத் தொட்டதுமே செத்துவிட்டது. நம் உடம்பில் இருக்கும் மின்சாரமே அதைக் கொன்றுவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அதற்கப்புறம் கால்கள் மூன்றையும் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வெளியே எடுப்பேன். நான்காவதை இடுக்கி நசுக்கியது. சால்டரிங் சூடு பட்டுக் கட்டில் விரிப்பில் விழுந்த ஓட்டையைப் பார்த்து அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு வசதியாகத்தான் இருந்தன.

மின்சாரத்தை அளந்து விட ஒரு ரெசிஸ்டர் வேண்டும் என்று தெரிந்தது. சனிக்கிழமை அப்பாவோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்காரர் அப்பாவைப் பார்த்தே பேசினார். எதுக்குங்க என்று அவரைக் கேட்டார். பாப்பாவைக் கேளுங்க என்றார் அப்பா. நான் கணக்குப் போட்ட தாளை நீட்டினேன். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு ஒரு பிடி ரெசிஸ்டரை அள்ளிப் பொட்டலம் கட்டினார்.

ஐந்தாவது டயோடு உயிரோடு வந்தது. கோவில் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை லேசர் ஒன்றின் உள்ளே இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டு இதைப் பொருத்தினேன். அதிலேயே லென்ஸ் இருந்தது. கருப்பு மை தடவிய தீக்குச்சியை இரண்டடி தள்ளி நட்டுவைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எரிகிற டயோடின் வாய்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த வெளிநாட்டுப் பையன் இதை மட்டும் நாலு தடவை சொன்னான். அம்மாகூட அடுப்படியிலிருந்து வரும்போது, எரியுதா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் ஒத்திகையில் அந்த டயோடு செத்தது. மேடையில் ஓடிய ஒரு குட்டித் தேவதையின் காலில் ஒயர் சிக்கி, எல்லாமாகக் கீழே விழுந்தது. ஆறாவது, இரும்புச் சட்டத்திலிருந்து நெம்பும்போதே உடைந்தது. ஏழாவதிலும் சிவப்பு டயோடு உடைந்தது. என் அவசரம்தான் காரணம். அந்தச் சட்டத்தில் சிடி எழுதுவதற்கென்று இன்னொரு டயோடு இருந்தது. எல்லா ரைட்டரிலும் அப்படி ஒன்று இருக்கும். முதல் ரைட்டரிலேயே அதை எரியவிட்டுப் பார்த்திருந்தேன். வெளிச்சம் இல்லை என்பதால் உதவாதது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருந்தேன். இப்போது வேறு வழி இல்லை. அதைப் பொருத்திப் பேட்டரியைக் கொடுத்தேன். சுவரில் ஒன்றும் விழவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அப்பா வந்து பக்கத்தில் நின்றார். கடையில் ஒரு வேலையும் இல்லாத மத்தியான நேரம் அது. என்ன ஆச்சு என்று கேட்டார். இது செத்துப் போனது, எல்லாமே செத்துப் போனது என்றேன். அவர் அதைப் பேட்டரியோடு கையில் எடுத்து, வீடியோ கேமராவைப் பார்ப்பது போல வலது கண்ணருகே கொண்டுபோனார்.

“சாகலையே தாயி. உள்ள லேசா செவப்புத் தெரியுதே” என்றார்.

அதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது என்று தலையை நிமிர்த்தாமலேயே சொன்னேன். என் சட்டம் எரிகிற டயோடுக்குத்தான். செத்ததற்கு இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல ஏதாவது நல்ல வார்த்தை அதற்குள் கிடைக்குமா என்று தேடினாரோ என்னவோ. பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

கருகல் வாடை வந்தது. கேமராவை மூடிவைக்கும் கருப்புத் துணியிலிருந்து நூல் போலப் புகை எழுந்துகொண்டிருந்தது. அந்த ‘செத்த’ டயோடு அதற்கு நேராகக் கிடந்தது. நான் கையை நீட்டி டயோடைத் திருப்பினேன். துணியில் வேறோர் இடத்தில் புகை வந்தது. சுவரில் ஒளி இல்லை, துணியில் ஒளி இல்லை, புகை மட்டும் வந்தது. நான் கத்தினேன். அப்பா கேமராவை எடுத்து இயக்கி, கண்ணில் வைத்துத் துணியைப் பார்த்தார். கேமராவுக்குள் துணியின்மேல் வெள்ளையாக ஒரு புள்ளி ஜொலித்தது. நம் கண்ணுக்குப் பிடிபடாத ஒளி அது, கேமராவுக்குத் தெரிந்தது. முதலில் வலது கண்ணில் வைத்தவர், உடனே இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அதை யோசிக்க நேரம் இல்லை. சிவப்புப் புள்ளியே தெரியாமல் புஸ்வாணம் தானாகப் பற்றுவதை நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் ஞாயிறு. மேடைக்குப் பக்கவாட்டில், பலகைக்குப் பின்னால் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டயோடு கல்லறைக்கு உள்ளேயே, தரையோடு தரையாக, யார் முகத்துக்கும் எட்டாமல் கட்டப்பட்டிருந்தது. அப்பா கேமரா வழியாகப் பார்த்துப் பார்த்துக் குறி வைத்திருந்தார். ஒரே தீக்குச்சிக் கட்டு, அதிலிருந்து மூன்று புஸ்வாணத்துக்கும் திரி. இடி முழக்கம் மைக்கில் கேட்டது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சீக்கிரம் பற்ற வேண்டும் என்று மின்சாரத்தைக் கூட்டியிருந்தேன்; பத்து எண்ணுவதற்குமேல் அழுத்தினால் டயோடு போய்விடும் என்பது என் கணக்கு. பத்து முடிந்தது. கல் விலகத் தொடங்கியது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். போனால் போகட்டும் என்று அழுத்திய விரலை எடுக்காமலே இருந்தேன். பதினாறில் பற்றியது.

கூட்டம் அசையவில்லை. மூன்று புஸ்வாணமும் ஆள் உயரத்துக்கு எழும்பின. நிழல் ஒன்றும் விழவில்லை. தானாப் பத்திக்கிச்சு என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமா கூட்டத்தின் கடைசியிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“ஏ புள்ள, இனிமே எவனும் என்னைய அப்படிக் கூப்புடமாட்டான்” என்றார்.

அப்புறம் கல்யாணச் சீசன் வந்தது. அப்பா கேமராவை மாமா கையில் கொடுத்தார். வயதாகிறது, தோள் வலிக்கிறது என்றார். அவருக்கு நாற்பத்து மூன்று வயதுதான். மாமாவுக்குப் படம் பிடிக்கவும் வரவில்லை. மாப்பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டது. ஒரு வருடத்தில் கேமராவை விற்றுவிட்டு, அப்பா திருச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். எனக்கு அவர்மேல் கடும் கோபம். ஏழு ரைட்டரைப் பிரித்து, பதினாறு எண்ணும்வரை விரலை எடுக்காதவள் நான். அவரோ பென் டிரைவுக்குப் பயந்து கடையைப் பூட்டிவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் அதை அவரிடமே சொன்னேன். நீங்க சீக்கிரம் விட்டுக்கொடுத்துட்டீங்க அப்பா என்றேன். அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி அவரைத் தடுத்துவிட்டு, ஆமா தாயி, என்னால அம்புட்டுத்தான் முடிஞ்சுச்சு என்றார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். இப்போது அதையே ஒரு பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் கண்ணாடி மாற்ற அப்பாவைப் புதுக்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். நடுவில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, நேரே பார்ப்பது இந்தக் கண்ணில் பல வருடமாகத் தெரிந்திருக்காதே, கிரகணத்தை எதுவும் வெறுங்கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா வெல்டிங் பட்டறையில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததாகச் சொன்னார். அவர் எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது என்பதை நான் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கீரனூர் தாண்டியதும், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடி இருந்தார்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ சுவிச்ச அமுக்கியிருப்பியா?”

அமுக்கியிருக்க மாட்டேன் என்று அவர் நம்பியிருந்தார். அந்த வயதில் நான் அமுக்கித்தான் இருப்பேன் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.