போர்கோ வெக்கியோவில் நன்னுவுக்கு அழுத மாலை

பாரிஸ், லண்டன், சூரிச் என்று எல்லா ஊர் உறவுகளும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கார்னெவாலே களியாட்டம் பார்க்க இத்தாலியில் எங்கே போகலாம்? வெனிஸ் என்று ஆட்கள் சொல்வார்கள். வேண்டாம். பதினாறு வருடமாகப் பலெர்மோவில் இருப்பவன், இந்த நகரத்தில் பாதிப்பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன், போர்கோ வெக்கியோவுக்கு வாருங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், சின்னச் சந்தையும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் உள்ள உழைப்பாளிகளின் பகுதி. நான் போனது 2016 பெப்ரவரியில், விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.

போனதற்குக் காரணம் ஜெசிந்தா. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, லிபெர்த்தா வீதியில் வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருவரைப் பராமரிக்கிறாள். யுத்தத்தின் கடைசி நாளில் அவளுடைய கணவரைப் பாலத்தடியில் வைத்து இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மகள் மன்னாரில் சித்தியோடு இருக்கிறாள், ஜூன் மாதம் பதினெட்டு வயது முடிகிறது. அதற்குள் விண்ணப்பித்தால்தான் தாயிடம் வரலாம். விண்ணப்பத்துக்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும், இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ். சான்றிதழ் எடுக்கும் படிவத்தில் ஜெசிந்தா ஒப்பமிட்டு ஊருக்கு அனுப்பினால் போதும். அந்தப் படிவம் ஏழு மாதமாக அவளுடைய கைப்பைக்குள் கிடந்தது.

"ஆள் செத்துப்போச்சு எண்டு நான் கையெழுத்து வைச்சா, கொன்றது நானாப் போயிடும் அண்ணை" என்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் மூன்று வக்கீல்களை வாதத்தில் மடக்கியவன் நான். அவளோடு மட்டும் வாதாடப் போகவில்லை. ஒரு மாலையாவது சிரித்துவிட்டு வரட்டும் என்றுதான் கூட்டிப் போனேன்.

ஒரேத்தோவில் என் வீட்டிலிருந்து 4.20க்குப் புறப்பட்டேன். பஸ் டிக்கெட் 1.40 யூரோ. பொலித்தேயாமா சதுக்கத்துக்குச் சாதாரண நாளில் இருபத்தைந்து நிமிடம், அன்று ஐம்பது நிமிடம் எடுத்தது. வழியில் சாரதிக்கு ஒரு குறுக்குப் பாதை சொல்லிக் கொடுத்தேன். "அப்ப நீங்களே வந்து ஓட்டுங்கோவன்" என்றார். லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் சீட்டிலேயே இருந்தேன். சதுக்கத்தில் ஜெசிந்தா காத்து நின்றாள். அங்கிருந்து நடை, ஆறு நிமிடம்.

ஒழுங்கையில் கால் வைக்க இடமில்லை. ஐயாயிரம் சனம் என்று கணக்குப் போட்டேன், குழந்தைகளைச் சேர்க்காமல். எங்கும் முகமூடி, கடதாசித் துண்டு மழை, சீனி தூவிய பொரித்த மாப் பலகாரம் (பொட்டலம் இரண்டு யூரோ). நடுவில், கதிரை ஒன்றில், தொப்பியும் கையுறையுமாக நன்னு இருந்தார். நன்னு என்றால் இங்கே கிழவர். இந்தப் பருவம் முழுவதும் ஒழுங்கைக்கு அவர்தான் ராசா என்று மீன் விற்கும் கொன்செத்தா சனிக்கிழமை சொல்லியிருந்தாள். உடுக்கக் கோட்டு இல்லை என்றாள். ராசாவுக்கு உடுப்புக் கொடுப்பது சும்மாவா? மிலானில் தைத்த என் கபிலநிறக் கோட்டைக் கொடுத்துவிட்டேன்.

"அண்ணை, உங்கடை கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார்" என்றாள் ஜெசிந்தா.

"ஓம், நான்தான் குடுத்தனான். பெரிய மனிசர்."

"பெரிய மனிசருக்குத் தலைக்குள்ளை வைக்கோல்."

அப்போதுதான் கொன்செத்தா ஊதா நிற டோப்பாவோடு வந்தாள். "ஏழு மணிக்கு இவருக்குச் சாவு, ஏழரைக்கு நெருப்பு" என்றாள். பதினாறு வருடமும் செவ்வாய் மாலைகளில் எனக்கு வேலை, இந்த வைக்கோல் பொம்மையின் முடிவை நான் கண்டதில்லை. தன் கோட்டைத் தானே பிணத்துக்குப் போட்டுவிட்ட தமிழன் உலகத்தில் நான் ஒருவன்தான். விசயத்தை ஜெசிந்தாவுக்குச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் ஏழரைக்கோ அண்ணை?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வருடப் பழக்கத்தில் அவள் சிரித்துக் கண்டது அன்றுதான்.

ஏழு மணிக்கு நன்னுவைக் கதிரையிலிருந்து சரித்து ஒரு பலகையில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி நின்று நெஞ்சில் அடித்து அழத் தொடங்கினார்கள். எல்லாம் பகிடிதான். கடனை வைத்துவிட்டுப் போனாயே, வைன் போத்தலைக் கொண்டு போனாயே என்ற மாதிரி. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, "வா பிள்ளை, போவம்" என்றேன்.

"விடுங்கோ அண்ணை. இஞ்சை எல்லாரும் அழுகினம்தானே."

முன்னால் போய் நின்றாள். பிறகு, வன்னியில் செத்தவீடுகளில் கேட்டிருக்கிறேனே, அந்தக் குரல் வந்தது. "ஒரு சொல்லுச் சொல்லாமல் ஏறிப் போனீங்களே, ஆரிட்டைப் போய்க் கேப்பன்" என்று என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொன்செத்தா "பிராவா" என்று கைதட்டினாள். இரண்டாவது தட்டுக்குக் கை சேரவில்லை. டோப்பாவைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். யுத்தத்தில் கணவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.

"எத்தனை வருசம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"வாற மே மாதம் ஏழு."

"உடலைக் கண்டவளோ?"

"இல்லை."

கொன்செத்தாவின் மகன் பந்தத்தோடு வந்தான். அவள் திரும்பாமலே கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். வாத்தியக்காரர்கள் நிறுத்தினார்கள். முகமூடிக்காரர்கள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்கள். அந்தச் சனம் முழுவதும் பெயர் தெரியாத ஒரு மனிதருக்காகக் காத்து நின்றது. எவ்வளவு நேரமென்று தெரியாது. இந்தப் பயணத்தில் நான் மணிக்கூடு பார்க்காத இடம் அது ஒன்றுதான். கடைசியில் ஜெசிந்தா எழும்பி, பந்தம் வைத்திருந்தவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தீ மூன்றாம் மாடி வரை எழுந்தது. இரண்டாம் மாடி என்று சொல்கிறவர்கள் பின்வரிசையில் நின்றவர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பருத்தி உடுப்புப் போடுங்கள், நைலோனில் பொறி விழுந்தால் ஓட்டைதான். ஆறு மணிக்கு முன் இடம் பிடியுங்கள், காற்று துறைமுகப் பக்கமிருந்து வரும், முதுகைக் கடலுக்குக் கொடுத்து நில்லுங்கள். திரும்ப பஸ்ஸை நம்பாதீர்கள். ஒரேத்தோவுக்கு நடந்தே 45 நிமிடத்தில் வந்தேன், என் நடைக்கு. கூட வருகிறவருக்கு முடிவில் ஒப்பாரியும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லவில்லை. செவ்வாய் இரவே ஊருக்குப் பறந்துவிடாமல் புதன்கிழமையும் நில்லுங்கள். தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசை மாலை ஆறு மணிக்கு.

அந்தப் புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு ஜெசிந்தா என்னிடம் வந்தாள். படிவத்தைக் காலையில் தபாலில் போட்டுவிட்டாளாம். பூசைக் கருத்துகள், அதாவது யார் யாருக்காக மன்றாடுவது என்று எழுதும் கொப்பியை நீட்டினாள். இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, வலது பக்கம் இறந்தவர்களுக்கு. இவ்வளவு காலமும் இடது பக்கத்தில் கணவருக்காகத் தன் கையாலேயே எழுதி வந்தவள்.

"மற்றப் பக்கத்துக்கு என்ரை கை போகுதில்லை அண்ணை. நீங்கள் எழுதுங்கோ."

பேனையைத் திறந்து, பெயர் என்ன என்று கேட்டேன். இத்தனை நாளும் அவள் 'இவர்' என்றுதான் சொல்வாள், எங்கள் பெண்கள் வாயால் புருசனின் பெயர் வராது. கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை சேர்ந்தது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"மரியதாஸ்" என்றாள். "மரியதாஸ் அன்ரன்."