ஆலாத்திட்டில் நட்ட குச்சிகள்

மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே, கழிமுகத்துத் தண்ணீருக்கு நடுவில் ஆலாத்திட்டு கிடக்கிறது. மரம் கிடையாது, நிழல் கிடையாது. மண்ணைவிடச் சிப்பிச் சில்லுதான் அதிகம். கோடை வந்தால் ஆலாக் குருவிகள் கூடு கீடு எதுவும் கட்டாமல் வெறுந்தரையில் முட்டை போட்டுவிடும். என்ன தைரியமோ தெரியாது. அந்தத் தைரியத்துக்குக் காவல்தான் அம்சவள்ளி.

மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வனத்துறையில் தற்காலிக வாச்சராகச் சேர்ந்தவள். விடிந்ததும் புருஷன் அப்பாவு படகில் கொண்டுவந்து விடுவான், சாயங்காலம் வந்து கூட்டிப்போவான். ஓரத்தில் ஓர் ஓலைக் கொட்டகை, கழுத்தில் பைனாகுலர், தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும். உச்சி வெயிலில் தூரத்து உப்புக் குவியல்கள் தண்ணீர்மேல் மிதப்பதாகத் தெரியும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் தூக்கமா விழிப்பா என்று அவளுக்கே தெரியாது. இதற்குச் சம்பளம் வேறா என்று அப்பாவு கிண்டலடிப்பான்.

போன கோடையில் ஒரு முட்டையை மிதித்துவிட்டாள். மணல் நிறம், மேலே புள்ளி; குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாத முட்டை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்தக் கோடையில் முட்டை கண்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு சவுக்குக் குச்சி நட்டு வைத்தாள். தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை.

ஒரு நாள் காலை ஒரு காக்கை வந்தது. ஒரு குச்சிக்குப் பக்கத்தில் இறங்கிக் கொத்தியது. தத்தித் தத்தி அடுத்த குச்சிக்குப் போய், அங்கேயும் கொத்தியது. அம்சவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. காக்கைக்கு இலை போட்டு விருந்து வைத்தது அவளேதான்.

காக்கையை விரட்டிவிட்டு ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிக்கொண்டே போனாள். தலைக்குமேல் ஆலாக்கள் கத்தித் தீர்த்தன. கடைசிக் குச்சியையும் பிடுங்கி நிமிர்ந்தபோது திட்டின் நட்டநடுவில் நின்றாள். சுற்றிலும் முட்டைகள்; எது முட்டை, எது சிப்பி என்று தெரியவில்லை. சில்லுத் தரையில் காலடியும் பதிந்திருக்கவில்லை. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. தாய்ப் பறவைகள் வந்து உட்காராவிட்டால் முட்டைகள் வெந்துவிடும். அவள் நிற்கிறவரை அவை உட்காரப்போவதில்லை.

நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. மெல்ல மெல்லக் கத்தல் அடங்கியது. தூரத்தில் ஒன்று இறங்கியது. அப்புறம் இன்னொன்று. முருங்கைப் பூ உதிர்வதுபோல் திட்டு முழுக்க இறங்கி, நெஞ்சைத் தாழ்த்தி உட்கார்ந்தன. பறவை உட்கார்ந்த இடமெல்லாம் முட்டை; போகிற வழி இப்போது பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் ஒன்று அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கி, சிறகை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இத்தனை கோடையில் இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

மடியில் செல் அதிர்ந்தது. முந்தானைக்குள்ளேயே மெல்லக் காதுக்குக் கொண்டுபோனாள். வலை இழுத்துவிட்டுத் திரும்பிய அப்பாவு, திட்டுக்குச் சற்றுத் தள்ளிப் படகை நிறுத்தியிருந்தான். பொண்டாட்டி கொட்டகையை விட்டுவிட்டு வெட்டவெயிலில் குந்தியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தான்.

“இன்னா ஆச்சு? மயக்கமா? நான் வரட்டா?”

“எறங்காதய்யா. வெயில் தாழ்ந்தப்புறம் வா,” என்று உதடு மட்டும் அசையச் சொன்னாள். “இங்க யாரும் இல்லேன்னு நெனச்சு உக்காந்திருக்குதுங்க. நானும் இல்லாமயே இருந்துட்டுப் போறேன்.”