நோட்டுக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகை மேசை மேல் ஒரு தடித்த அட்டை நோட்டு கிடக்கும். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், எந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வராது, பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் லோரி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். கிழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றி மூன்று வாரம் அதில் சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்தபோது குழாய் என்றைக்கு உடைந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் மேலே தொழிற்சாலையில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. வீடு கீழ் டிவிசன் லயத்தில், அம்மாவோடு. நோட்டைப் பார்த்துக்கொண்டது நானும், பிள்ளைகளைக் கவனிக்கும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்த பெண் ஒருத்தியும். அவளுக்கும் என் வயதுதான்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்து மானேஜர் துரை மூன்று வாக்கி-டாக்கி வாங்கினார். ஆபீசுக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, கீழ் டிவிசனுக்கு ஒன்று. பேசும் பெட்டி என்றோம். வேலை விஷயம் போக மற்ற நேரத்தில் லயத்து ஆட்களும் பேசட்டும் என்று துரையிடம் போய்க் கேட்டவன் நான். பெட்டியை நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தவனும் நான். எழுதிவிட்டுப் பதிலுக்கு ஒரு நாள் காத்திருக்கிற காலமா இது என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். ஆயாக்கொட்டகைப் பெண் மட்டும் முகம் சுளித்தாள்.

“பேசுனதுக்கு யாரு கையெழுத்து போடுவா?” என்றாள்.

சிரித்தேன். எழுதத் தெரியாத பொம்பளைங்களும் இனிமேல் வாயைத் திறக்கலாம் இல்லையா என்று மடக்கினேன். அதில் பொய்யில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் பலர் பேனா பிடித்ததே இல்லை. பெட்டி வந்ததும் அவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். நான் சொன்னது பாதி நியாயம் என்பதால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆறே மாதத்தில் நோட்டு காய்ந்துபோனது. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “பெட்டியில சொல்லியாச்சு லா” என்பார்கள். சொன்னதைக் கேட்டவன் ஒன்று சொல்வான், சொன்னவன் ஒன்று சொல்வான். காற்றில் போன பேச்சுக்கு எங்கே கோடு போடுவது?

பெட்டியில் பேசி முடித்ததும் ‘ஓவர்’ சொல்ல வேண்டும் என்று துரை கற்றுக்கொடுத்திருந்தார். நான் முடித்தேன், இனி நீ பேசு என்று அர்த்தம். கீழே பெட்டிக்குப் பொறுப்பான கங்காணிக்கும் அது தெரியும். எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு மோகம். மற்றதை எப்படிச் சொன்னாலும் ஓவரை மட்டும் துரை மாதிரியே அழுத்திச் சொல்வேன். லயத்தில் ஓவர் என்றால் அதோடு தீர்ந்தது என்று அர்த்தம். படம் ஓவர், வேலை ஓவர், ஆள் ஓவர்.

அம்மாவுக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாளக் கார்டு. அதே கீழ் டிவிசனில் பிறந்தவள்தான். தாத்தா பிறப்பைப் பதியாமல் விட்டதால் காகிதம் இல்லை. சிவப்பு ஐசி என்றால் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் நின்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பேர் இருக்காது. அந்த வருஷம், அடையாளக் கார்டு ஆபீசர் ஒரு புதன்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு வருகிறார், பிறந்ததைப் பார்த்த சாட்சி இரண்டு பேரோடு வந்தால் குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனு எடுத்துக்கொள்வார் என்று செய்தி வந்தது. அம்மாவுக்கு இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். இரண்டு பேரும் கிழவிகள்.

புதன்கிழமை விடாத மழை. மலைக்கு ஏறி வரும் தாப்பா ரோட்டில் மண் சரிந்து ஆபீசர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கிழவிகளை மூன்று மைல் ஏற்றத்தில் வீணாக நடக்க வைக்க வேண்டாம், அவர் வந்ததும் பெட்டியில் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முன்பென்றால் சீட்டு எழுதி ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். அம்மா நல்ல சேலை கட்டி, கிழவிகளோடு வீட்டில் காத்திருந்தாள்.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். தோட்டத்து ஆபீசிலேயே காத்திருந்த நான் அங்கிருந்த பெட்டியை எடுத்தேன். “கார்டு ஆபீசர் வந்துட்டாரு. எங்கம்மாவையும் சாட்சியையும் உடனே வரச் சொல்லுங்க. ஓவர்.”

கீழே கங்காணி இல்லை. விழுந்த மரத்தைப் பார்க்கப் போயிருந்தார். மழைக்கு ஒதுங்கிய பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் கொட்டகையில் நின்றிருந்தாள். தகரத்தில் அடித்த மழைக்கு நடுவே அவள் காதில் விழுந்தது கார்டு ஆபீசர் என்பதும், நான் அழுத்திச் சொன்ன ஓவரும்தான். பட்டனை எப்போதும் கங்காணிதான் அமுக்கிக் கொடுப்பார்; திருப்பிப் பேச எதை அமுக்குவது என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டாள்.

பதில் இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். கிளம்பிவிட்டார்கள் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆபீசரிடம் இரண்டு முறை சொன்னேன். ஐந்து மணிக்கு அவர் பையை மூடினார்.

நான் இறங்கிப் போனபோது அம்மா வீட்டுச் சேலையில், அடுப்பருகே விறகை உலர வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா வரல?”

“முடிஞ்சிருச்சுன்னு நீதானப்பா சொன்ன. ஓவருன்னியாமே.”

பக்கத்து வீட்டுக்காரி வந்து அழுதாள். அவள் மேல் என்ன தப்பு? நான் சொன்ன சொல்லுக்கு எங்கள் லயத்தில் என்ன அர்த்தமோ அதைத்தான் சொல்லியிருக்கிறாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் தாயைச் சுட்டது.

அடுத்த தடவை ஆபீசர் வந்தபோது ஒரு கிழவி செத்துப்போயிருந்தாள். ஒரு சாட்சி போதாது என்றார்கள். பெர்மிட் நின்றது, செக்ரோலில் பேர் போனது. அத்தனை வருஷம் கொழுந்து எடுத்த அம்மா லோரியில் நின்றபடி, பெர்மிட் கேட்காத திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்கு முட்டைக்கோஸ் வெட்டப் போனாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நான் எதைச் சொன்னாலும், “எழுதிக் குடுப்பா” என்பாள். உனக்குத்தான் படிக்கத் தெரியாதே அம்மா என்றால், “பரவால்ல, எழுதிக் குடு” என்று கை நீட்டுவாள்.

எண்பதுகளின் கடைசியில் அம்மா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்தாள். சாவுப் பதிவுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் சின்ன வயது மலாய்க்காரர், மரியாதையான ஆள். பேர், வயது கேட்டார். எங்கே பிறந்தவர் என்று கேட்டார். இங்கேதான், எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் என்றேன். சாட்சி கேட்கவில்லை. அப்படியே எழுதி, முத்திரை குத்தி, என் கையில் கொடுத்தார்.