கிளிப்பச்சைப் புடவையும் ஒரு பொன்னாடையும்

என் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கெல்லாம் மேலே ஒரு பொன்னாடை இருக்கிறது. ஓரத்தில் சந்தனக் கறை. எதையும் சாதித்து வாங்கியதல்ல. வேலைக்குப் போன முதல் நாள் என் மானத்தைக் காப்பாற்றியது.

கல்பாக்கத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ், இந்தப் பக்கம் மீனவர் குப்பம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே லோக்கல் சேனல். அங்கே தண்ணீர் வரும் நேரத்தையும் இங்கே கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதையும் ஒரே மூச்சில் வாசிக்க ஆள் தேடினார்கள். அந்த வேலைக்காக நான் துடித்தேன். ஸ்டாஃப் பஸ் ஓட்டிய அப்பாவோ, "ஒரு நாளு போய் நியூசு படிச்சிட்டு வா. நாலு பேரு தப்பா பேசுனா அதோட வுட்டுடணும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு நாளைக்கென்று இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கிளிப்பச்சை. ஸ்டூடியோவில் பின்னால் தொங்கிய திரையும் அதே கிளிப்பச்சை. பச்சை இருக்கும் இடமெல்லாம் கம்ப்யூட்டர் கடற்கரைப் படத்தைப் போட்டுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எடிட்டர் அண்ணன் மானிட்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னாம்மா இது, தல மட்டும் அலைல மெதந்துகினு கீது!" நேரலைக்கு ஐந்து நிமிடம். அவர் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். விழாக்களில் சேனல் முதலாளிக்குப் போர்த்திய பொன்னாடைகள் அங்கே குவிந்து கிடக்கும். மேலே இருந்ததை உருவிக் கொடுத்து, ஊக்கையும் கையில் திணித்தார். தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, புழுங்கிச் செத்தபடி வாசித்து முடித்தேன். போகும்போது அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவின் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்களாம். பொன்னாடையோடு டிவியில் வந்த பெண் ஏதோ பெரிய பரிசு வாங்கியிருக்கிறாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். குப்பத்திலிருந்து வஞ்சிர மீன்கூட வந்தது. சாப்பிட்டுவிட்டு அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "நாளைக்கும் போ" என்றார். என்ன பரிசு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாதது பல வருடம் உறுத்தியது.

இன்று அதே சேனலில் செய்திப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது, ஓய்வுபெற்ற அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். அவர் பொன்னாடையை வாங்கி, சந்தனக் கறையை விரலால் தேய்த்தார்.

"ஆயுத பூசைக்கு எங்க டிரைவருங்க உன் மொதலாளிக்குப் போட்டது இது. நான்தான் போத்துனேன், என் கைச் சந்தனம். டிவில பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"பஸ்ஸு முழுக்க கை குடுக்குறாங்க. வேணாம்னு சொல்ல நான் இன்னா லூசா?"

பிறகு அதை மடித்து, பட்டுப் புடவைகளுக்கு மேலே அவரே வைத்தார்.