இத்தா வீட்டில் நடந்த விசாரணை

ஹாஜறாவுக்கு வாய் நீளம் என்று சாய்ந்தமருதில் எல்லோரும் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். சங்கக் கடையில் சீனி நிறுத்தவன் தராசுத் தட்டில் விரலை வைத்தபோது, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த விரலுக்கும் விலை உண்டா என்று கேட்டவள். பெண் பார்க்க வந்தவர்கள் பிள்ளை கொஞ்சம் கறுப்போ என்று இழுத்தபோது, அறைக்குள் இருந்தபடியே "லாம்பு கொண்டு வந்திருந்தா வடிவாப் பாத்திருக்கலாமே" என்று சொன்னவள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. போனதும் நல்லதுதான்.

பிறகு வந்தவன் மீராசா. வயல் முதலாளி ஆதம்பாவா போடியாரின் உழவு மெசினை, அந்த டிராக்டரை, ஓட்டுபவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆகவே அவன்தான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். அவனுக்குப் பேச்சுக் குறைவு. "ரெண்டு பேரும் கதைச்சா கூரை நிக்காது" என்று சிரிப்பான். அவன் ஒருவனிடம் மட்டும் ஹாஜறா குரலை உயர்த்தியதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குச் சில வருடங்கள் பிந்தி, ஒரு மார்கழியில் மேற்கே மழை கொட்டியது. மாவடிப்பள்ளிக்கு அப்பால் வயலில் களை பிடுங்கப் போன பெண்களை இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மீராசாவின் மெசின் திரும்பி வந்தது. தாழ்ந்த பாலமான தாம்போதியின் நடுவில் வந்தபோது மேலிருந்து திடீரென்று பாய்ந்த வெள்ளம் பெட்டியோடு மெசினைப் புரட்டிவிட்டது. மீராசாவும் ஏழெட்டுப் பெண்களும் மௌத்தானார்கள். மற்றவர்கள் கரையோர மருத மரங்களைப் பிடித்து உயிர் தப்பினார்கள்.

மையித்துகளை அடக்கிய கையோடு ஊர் கதைக்கத் தொடங்கியது. செத்தவர்களுக்காக அழுவதைவிடக் குற்றம் யாருடையது என்று கண்டுபிடிப்பது எங்கள் ஊருக்கு எப்போதும் சுகம். தேநீர்க் கடையில் ஒருவர், மீராசா வெள்ளத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று பந்தயம் பிடித்தவன் என்றார். தாம்போதியை வாழ்நாளில் கண்டிராத இன்னொருவர், அவன் தூங்கிவிட்டான் என்று அடித்துச் சொன்னார். வேறு சிலருக்கு வேறு பாடம்: பெண் பிள்ளைகள் வயலுக்குப் போனதால்தான் இந்தச் சோதனை இறங்கியதாம். அந்தப் பிள்ளைகள் போகாவிட்டால் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஏறி வந்தவர்கள் தாம்போதி ஓரத்தில் நின்று கச்சான் கொறித்தபடி, சேற்றில் புதைந்த மெசின் சில்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகளைப் பறிகொடுத்த ஒருவர் ஹாஜறாவின் படலையடியில் நின்று மண் அள்ளித் தூற்றினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அவரை ஏவிவிட்டவர்களை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஹாஜறா பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்தாள். கணவன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, அறைக்குள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல். அறை வாசலில் மருதமுனை நெசவு வெள்ளைத் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. அவளுடைய வாய்க்கு இப்போதுதான் பூட்டு விழுந்தது என்று சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆனால் இத்தா வீட்டுக்குள் ஆண்கள்தான் போக முடியாது. பெண்கள் போகலாம், எந்த நேரமும் போகலாம். இதை எங்கள் ஆண்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதலில் வந்தவள் ஸகியா. மருத மரத்தில் தொங்கி உயிர் தப்பியவள். கையெல்லாம் கிழிந்திருந்தது.

"ராத்தா, மீராசா மச்சான் வரமாட்டன் எண்டுதான் நிண்டவர்," என்று அவள் ஹாஜறாவின் மடியில் விழுந்து அழுதாள். "மெசின நிப்பாட்டிச் சாவியையும் எடுத்துட்டார். எல்லாரும் வாடிக் கொட்டிலுக்குள்ள இரிங்க, தண்ணி வடியட்டும் எண்டார். போடியார்தான் ஏசினவர். புது மெசின், இஞ்ச நிண்டு வெள்ளத்துல போனா உன்ட வாப்பாவா தருவார் எண்டு கேட்டவர். உனக்கு ஏலாட்டிச் சாவியத் தா, வேற ஆள் ஓட்டும் எண்டவர். ஏறாதவங்க நாளைக்கு வயலுக்கு வரவே வேணாம் எண்டு எங்களுக்கும் சொல்லிட்டார்."

"மறுகா என்ன நடந்தது?"

"ஓட்டத் தெரியாதவன் ஓட்டினா இந்தப் புள்ளயள் எல்லாம் மௌத்தாப் போகுங்கள் எண்டுட்டு மச்சானே ஏறினார். போடியார் ஏறல்ல. அவர் வாடிக்குள்ளயே இரிந்துட்டார். ராத்தா, இத வெளியில சொல்லிராதீங்க. எங்கட குடிசை போடியார்ர காணியிலதான் கிடக்கு."

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எல்லோர் குடிசையும் அந்தக் காணியில். கடைசியில் போடியாரின் மனைவி பாத்தும்மாவும் ஒரு மூட்டை அரிசியோடு வந்தாள். போடியார்தான் அனுப்பியிருந்தார், விதவையின் மனம் ஆறட்டும் என்று. பாத்தும்மா அரிசியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அவள் இருப்பதை மறந்து பெண்கள் அழுது சொன்னதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள்.

மரண விசாரணைக்குத் தம்பிலுவில்லிலிருந்து விசாரணை அதிகாரி புண்ணியமூர்த்தி ஐயா வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டாயிற்று. போடியார் முன்வரிசையில் உட்கார்ந்து, தான் தடுத்தும் கேளாமல் டிரைவர் போய்விட்டான் என்று சொன்னார். "பொஞ்சாதி இத்தாவில இரிக்கா ஐயா. அவவ இதுக்குள்ள இழுக்க வேணாம், பாவம்" என்று இரக்கமும் பட்டார்.

இது ஹாஜறாவின் காதுக்குப் போனது. அவள் தன் மூத்த காக்கா றவூபைத் திரையடிக்குக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏலாது, காக்கா. ஆனா விசாரணைக்கு இத்தா இல்லத்தானே? அத இஞ்ச வரச் சொல்லுங்க. என்னக் கேளாம முடிச்சா நான் முடிஞ்சதா எடுக்கமாட்டன்."

புண்ணியமூர்த்தி ஐயா நல்ல மனிதர். வந்தார். அவர் பின்னால் போடியார், அவர் பின்னால் ஊர். விறாந்தையில் கதிரை போட்டு, எழுதுபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து ஐயா கேட்டார்.

"அம்மா, நீங்கள் அங்கே இருக்கவில்லையே. உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா. தெரிஞ்சவங்க உள்ளுக்குள்ள இரிக்காங்க."

திரைக்கு உள்ளே இருந்து ஒரு குரல், மீராசா சாவியை எடுத்ததைச் சொன்னது. இன்னொரு குரல் போடியார் ஏசியதைச் சொன்னது. மூன்றாவது குரல், அவர் மட்டும் வாடியில் தங்கியதைச் சொன்னது. முற்றத்தில் நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

போடியார் எழும்பினார். "ஆரது? முகத்தக் காட்டிக் கதைக்கச் சொல்லுங்க!"

"இது இத்தா வீடு," என்றாள் ஹாஜறா. "திரையில கை வெக்கிற ஆம்புள ஆர் எண்டு ஊர் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கி. வாங்க, வெச்சுப் பாருங்க."

மார்க்கம் பேசும் பெரியவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். போடியார் உட்கார்ந்தார்.

ஆனால் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, பெயர் இல்லாத சாட்சியை நான் எழுத முடியாது."

உள்ளே சத்தம் அடங்கியது. ஹாஜறா யாரையும் வற்புறுத்தவில்லை. பெயரைச் சொன்னால் இந்தப் பெண்கள் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும். மீராசாவின் பெயரைக் காப்பாற்ற இவர்களின் கூரையைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. போடியார் சிரித்தார். "பாத்தீங்களா ஐயா? பேர் கேட்டதும் வாயடச்சுப் போச்சி."

அப்போது வயதான ஒரு குரல் கேட்டது.

"என்ட பேர முதல்ல எழுதுங்க. பாத்தும்மா. ஆதம்பாவா போடியார்ர பொஞ்சாதி."

போடியாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வாடியில இரிந்து வந்த அண்டைக்கு இவர் சோறு தின்னல்ல. நான்தான் அவனப் போகச் சொன்னன் எண்டு என்னப் பிடிச்சிக்கிட்டு அழுதவர். ஊர் மீராசாவக் குத்தம் சொல்லத் தொடங்கினதும் அழுகைய நிப்பாட்டிட்டார். அழுதுக்கிட்டே இரிந்திரிந்தா நான் மன்னிச்சிரிப்பன்." பிறகு அந்தக் குரல் உள்ளே இருந்தவர்களிடம் திரும்பியது. "புள்ளயள், பயப்படாதீங்க. அந்தக் காணி என்ட உம்மா எனக்குத் தந்த சீதனம். அதுல இரிந்து ஒரு குடிசையையும் ஆரும் கிளப்ப ஏலா. பேரச் சொல்லுங்க."

"ஸகியா," என்றது ஒரு குரல். "றுகையா." "அஸீஸா." தகப்பன் பெயரையும் சேர்த்து, ஒவ்வொன்றாக, முற்றத்தில் நின்ற வாப்பாமாரும் காக்காமாரும் தங்கள் வீட்டுக் குரலை அடையாளம் கண்டு விறைத்து நிற்க, பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. எழுதுபவர் திணறிப் போனார்.

எல்லாம் எழுதி முடிந்ததும், இறந்த டிரைவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஹாஜறா கேட்டாள். ஐயா தாளைத் தூக்கி வாசித்தார்.

"மீராசா. உழவு இயந்திரச் சாரதி. வெள்ளத்தில் செல்ல மறுத்தவர். வற்புறுத்தப்பட்டதன் பேரில் செலுத்தியவர்."

"இன்னொருக்கா வாசிங்க ஐயா," என்றாள் ஹாஜறா. "ரோட்டுல நிக்கிறவங்களுக்கும் கேக்கிற மாதிரி."

ஐயா கதிரையை விட்டு எழுந்து நின்று வாசித்தார்.