சூரியனைக் கட்டிப்போட்ட பகல்

1. கரண்ட் இல்லாத லைட்மேன்

"ஜெனரேட்டர் வண்டி வராது" என்று டைரக்டர் சொன்னார். ரிப்பேருக்காக உளுந்தூர்பேட்டைக்குப் போன வண்டி அங்கேயே நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சைக்கிள்கூடத் தாண்ட முடியாது.

நாங்கள் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். கதை இதுதான்: ஒரு சின்ன ஊரில் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஏன் என்று ஒரு டீச்சர் தேடிக்கொண்டே போகிறார். கடைசியில் மலையடிவாரப் பாறையில், ராத்திரி நேரத்தில், வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி அவரையும் அழைக்கிறது. வேற்றுக்கிரகத்துக் கப்பல் கதையில் இருந்தது, பட்ஜெட்டில் இல்லை. அதனால் வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சம் என் பொறுப்பு.

ஃபிலிம் ஒரே ஒரு ரோல் மிச்சம். நானூறு அடி, நாலரை நிமிஷம் ஓடும். டீச்சராக நடித்த சாரதாம்மா கடலூர் நாடகக்காரர். அன்றோடு அவர் கொடுத்த தேதி முடிகிறது. தயாரிப்பாளர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "நாளைக்குள்ள க்ளைமாக்ஸ் முடியலைன்னா மூட்டை கட்டிடுங்க. படம் பொட்டியிலேயே இருக்கட்டும்."

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். ஒரு லைட்டைப் பொருத்திவிட்டு நாலு தரம் திருகிப் பார்ப்பேன். இந்தப் படம் நின்றால் அது என் லைட்டால்தான் நின்றது என்பார்கள். அதை நினைத்து அன்று காலை இட்லி இறங்கவில்லை.

கேமராமேன் மூர்த்தி சார் மட்டும் நிதானமாகப் பீடி பற்றவைத்தார்.

"ராத்திரி சீனைப் பகல்லயே எடுத்துடலாம். கேமராவுக்குள்ள வெயிலைக் கம்மியா விட்டு, நீல ஃபில்டர் போட்டா ராத்திரி மாதிரி இருக்கும். ஃப்ரேம்ல வானம் மட்டும் வரக்கூடாது."

"சரி சார், வானத்துலேர்ந்து வர்ற வெளிச்சம்?"

"ஊர்ல சலூன் கடை இருக்கா? கண்ணாடி வாங்கிட்டு வாய்யா."

2. புளியமரத்தைத் தாண்டி

சலூன்களில் நாலு கண்ணாடி கிடைத்தது, ஜவுளிக்கடையில் ஆளுயரத்துக்கு ஒன்று. பெட்ஷீட்டில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பாறைக்கு நடந்தோம். வழியில் வெட்டிப்போட்ட மரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தன் என்பவர் எழுந்து வந்தார். கரும்பு வெட்டுகிற கை, காப்புக் காய்த்திருந்தது.

"நாங்க படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேட்டு ரோட்ல குந்திக்கினு இருக்கறோம். நீங்க இன்னாத்துக்குய்யா கண்ணாடிய தூக்கிக்கினு போறீங்க?"

டைரக்டர் பயந்துகொண்டே கதையைச் சொன்னார். கோவிந்தன் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வானத்துலேர்ந்து வெளிச்சம் வரணும்னா அதான் சூரியன் இருக்குதே. அதுக்குக் கண்ணாடி வேறயா?"

கூட்டம் சிரித்தது. நான் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் வாங்கிப் போட்டு உடைத்தால் என்ன செய்வது?

"வண்டி போவக்கூடாது, அதான் பேச்சு. ஆள் நடந்து போறத நாங்க தடுக்கல" என்றவர் என்னைப் பார்த்தார். "நீ எதுவரைக்கும் படிச்ச?"

"எட்டாவதுங்க."

"அப்ப உனக்குஞ் சேத்துத்தான்யா குந்திக்கினு இருக்கறோம். குடு இப்டி!"

பெரிய கண்ணாடியை அவரே வாங்கிக்கொண்டார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கொடுக்க, அந்தப் பக்கம் நின்று வாங்கினார்கள். ஒரு கீறல் விழவில்லை. அப்படியே எங்களோடு பாறைக்கும் வந்தார்கள்.

3. பத்து முடிச்சு

பாறைக்கு எதிரே முப்பதடி தள்ளி மேட்டில் கண்ணாடிகளை வைத்தோம். ஐந்தின் வெளிச்சமும் ஒரே இடத்தில், சாரதாம்மாவின் முகத்தில் விழ வேண்டும்.

"நாங்க புடிச்சிக்கினு நிக்கறோம்" என்றார் கோவிந்தன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் பிடித்தால் மூச்சுக்கே ஆடும். வானத்து வெளிச்சம் ஆடினால் கொட்டகையில் சிரிப்பார்கள். அதனால் ஸ்டாண்டில் வைத்து, கயிற்றால் இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிச்சுப் போட்டு, அடியில் மணல் மூட்டை வைத்தேன். மொத்தம் பத்து முடிச்சு. ரிகர்சலில் வெளிச்சம் முகத்தில் கச்சிதமாக விழுந்தது. மூர்த்தி சாரே தலையாட்டினார். ஆக்‌ஷன் சொன்ன பிறகுதான் வெளிச்சம் வர வேண்டும் என்பதால் கண்ணாடிகளைப் பெட்ஷீட்டால் மூடினோம்.

அந்த நேரம் பார்த்து கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து மேகம் வந்து வெயிலை மறைத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க நான் முடிச்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இளகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலையில் எனக்கே திருப்தி வந்தது.

மேகம் விலகியதும் டைரக்டர் கத்தினார். கேமரா ஓடியது. ஆக்‌ஷன். பெட்ஷீட்டை இழுத்தோம்.

வெளிச்சம் சாரதாம்மா மேல் விழவில்லை. நாலடி தள்ளி வெறும் பாறையில் விழுந்தது.

லைட்மேனுக்கு வருகிற தப்பு அது. நாங்கள் வைக்கிற விளக்கு வைத்த இடத்திலேயே இருக்கும். சூரியன் இருக்குமா? அரை மணி நேரத்தில் அது நகர்ந்திருக்கிறது, கண்ணாடியை மட்டும் நான் கட்டிப்போட்டிருக்கிறேன்.

ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திருப்ப நான் பாய்ந்தேன். கோவிந்தன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்:

"நவுராத. அந்தம்மா பாத்துட்டாங்க."

சாரதாம்மா கேமராவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பாறையில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்தார். புத்தியுள்ளவர்கள் பயப்படுகிற மாதிரி ஒரு அடி பின்னால் போனார். பிறகு கிட்டே போய்க் கையை நீட்டி, விரல் நுனியை மட்டும் வெளிச்சத்துக்குள் விட்டார். சுடுகிறதா என்று பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உள்ளே நடந்து முகத்தை நிமிர்த்தினார். மூர்த்தி சார் கேமராவை அவரோடு கூடவே நகர்த்தினார், ஒரு சின்னக் குலுக்கல் இல்லை. டைரக்டர் 'கட்' சொல்ல மறந்தே போனார். ரோல் தானாக ஓடித் தீர்ந்தது.

பிறகு கோவிந்தன் தன் ஆட்களிடம், "உண்மையிலயே கூட்டிக்கினு போயிடுமோன்னு நெனச்சிட்டேன்டா" என்றார்.

4. சொல்ல வேண்டியது

நான் நேராக சாரதாம்மாவிடம் போய், என் தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"எதுக்குண்ணே?" என்றார், முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "தெருக்கூத்து மேடையில காத்தடிச்சா லைட்டு எங்கயோ ஆடும். வெளிச்சம் நம்மகிட்ட வரலைன்னா நாமதான் போவணும்."

அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. டீ கேட்டார்.

படம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாரம்தான் ஓடியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் நுனி வெளிச்சத்துக்குள் போன இடத்தில் கொட்டகையில் முறுக்குச் சத்தம்கூட நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய படங்களில் பெரிய பெரிய லைட் போட்டேன். பயம் இன்னும் போகவில்லை, முடிச்சையும் இன்னும் இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் புதிதாக வருகிற லைட்மேன்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பு நடந்துவிட்டால் முதலில் கேமரா ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இருந்த இடத்திலேயே நில்லுங்கள். உங்கள் தப்பை அங்கே ஒருவர் நடிப்பாக மாற்றிக்கொண்டிருக்கலாம். ஓடிப்போய் அதைக் கெடுத்துவிடாதீர்கள்.